பன்னிரண்டாவது ராங்லர்

சென்ற டிசம்பர் லீவுக்கு என் பெண்ணின் பிள்ளை புனேயில் எங்கள் அகத்துக்கு வந்திருந்தான். இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறான். கணக்கில் கெட்டிக்காரன். இந்த செமஸ்டரில் எக்கனாமிக்ஸையும் ஒரு விருப்பப் பாடமாக எடுத்திருந்தான். ஹோம் ஒர்க்காக அவன் எழுதி அனுப்பிய நான்கு கட்டுரைகள் திருத்தி வந்திருந்தன. திருத்தி என்று ஒரு வழக்கத்துக்காகச் சொல்கிறேன். ஒவ்வொன்றின் தலையிலும் பத்துக்கு ஆறு, பத்துக்கு ஐந்தரை என்று ஒரு எண் இருந்ததே தவிர, எங்கே தப்பு, எங்கே சரி என்று ஒரு வரி கிடையாது. எக்கனாமிக்ஸ் தனக்கு வராது என்று அந்தப் பிள்ளை முடிவே கட்டிவிட்டான்.

அவனுக்குச் சொல்வதற்காக ஜான் மேனார்ட் கீன்ஸின் வாழ்க்கையை மறுபடியும் எடுத்துப் படித்தேன். சொன்னதை நம் அங்கத்தினர்களுக்கும் எழுதலாம் என்று தோன்றியது. பட்ஜெட் சமயத்தில் பத்திரிகைகளில் கீன்ஸ் பெயர் அடிபடாமல் இருக்காது. வேலையில்லாத் திண்டாட்டம் வரும்போது சர்க்கார் கடன் வாங்கியாவது செலவு செய்ய வேண்டும் என்று சொன்னவர் என்ற அளவில் எல்லோருக்கும் தெரியும். அவர் எக்கனாமிக்ஸில் எந்தப் பட்டமும் வாங்காதவர் என்பதும், முதல் உத்தியோகம் நம் இந்தியாவுக்காகப் பார்த்தவர் என்பதும் அவ்வளவாகத் தெரிவதில்லை.

அவர் பிறந்தது 1883 ஜூன் 5-ம் தேதி, கேம்பிரிட்ஜில். தகப்பனார் ஜான் நெவில் கீன்ஸ் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே தர்க்கமும் பொருளாதாரமும் போதித்தவர். பிறகு அதன் நிர்வாகத்தில் உயர்ந்த பதவிக்கு வந்தார். தாயார் ஃப்ளாரன்ஸ் பிற்காலத்தில் அந்த ஊர் மேயராகவே இருந்தார். தகப்பனாருக்கு ஒரு பழக்கம் உண்டு. பையன் எத்தனை மணி நேரம் படித்தான், எந்தப் பரீட்சையில் எத்தனையாவதாக வந்தான் என்று டைரியில் குறித்து வைப்பார். பையனுக்குப் பரீட்சை என்றால் இவருக்குத்தான் வயிற்றைக் கலக்கும். இதைப் படித்தபோது எனக்கு இங்கிலாந்து ஞாபகம் வரவில்லை, நம் அகங்கள்தான் ஞாபகம் வந்தன.

ஈட்டன் பள்ளிக்கு ஸ்காலர்ஷிப்பில் போனார் மேனார்ட். பரிசுகளாக வாங்கிக் குவித்தார். 1902-ல் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்து கணிதம் எடுத்துக்கொண்டார்.

கேம்பிரிட்ஜ் கணிதப் பரீட்சைக்கு டிரைபாஸ் என்று பெயர். அதில் முதல் வகுப்பில் தேறியவர்களுக்கு ராங்லர் பட்டம். முதலாவதாக வருபவர் சீனியர் ராங்லர். புனேவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஃபெர்குசன் கல்லூரி பிரின்ஸிபாலாக இருந்த ராங்லர் பராஞ்சபே 1899-ல் சீனியர் ராங்லராக வந்தவர். அப்படி வந்த முதல் இந்தியர். அந்தப் பரீட்சைக்கு வகுப்பில் பாடம் கேட்டால் மட்டும் போதாது. தனியாகப் பணம் கொடுத்து கோச் வைத்துக்கொண்டு, கணக்குக் கணக்காகப் போட்டுப் பழக வேண்டும். யோசிப்பதைவிட வேகத்துக்குத்தான் மதிப்பு. இன்றைய கோச்சிங் கிளாஸ் ஏதோ கோட்டாவில் பிறந்தது என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

கீன்ஸுக்குக் கோச்சாக இருந்தவர் ஹாப்சன் என்ற பெரிய கணித அறிஞர். சென்னையிலிருந்து ராமானுஜன் எழுதிய கடிதத்தைக் கவனிக்காமல் விட்ட கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களில் ஒருவராகச் சொல்லப்படுகிறவரும் இவரேதான். ஹாப்சன் கொடுத்த கணக்குகளைக் கீன்ஸ் போட்டார். ஆனால் மனது அதில் இல்லை. யூனியனில் விவாதம், நண்பர்களோடு தத்துவம், பழைய புத்தகக் கடை என்று பொழுது போயிற்று. இந்தக் கணக்குகள் மூளையைக் கெடுக்கின்றன என்று சிநேகிதர்களிடம் அலுத்துக்கொண்டிருக்கிறார்.

1905-ல் ரிஸல்ட் வந்தது. கீன்ஸ் பன்னிரண்டாவது ராங்லர். தகப்பனார் இன்னும் மேலே எதிர்பார்த்திருந்தார். அந்த வருஷம் இன்னொருவரோடு சேர்ந்து முதலிடம் வாங்கியவர் லிட்டில்வுட்! பின்னால் ஹார்டியோடு சேர்ந்து ராமானுஜனின் நோட்டுகளை ஆராய்ந்த அதே லிட்டில்வுட்தான். அவர் அளவுக்குத் தாம் கணிதக்காரர் அல்ல என்பது கீன்ஸுக்கு அன்றே விளங்கியிருக்க வேண்டும். ஆனாலும் அந்தப் பயிற்சி வீண் போனது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தக் கோடை விடுமுறையில் ஆல்ஃப்ரட் மார்ஷலின் பெரிய பொருளாதாரப் புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். மார்ஷல் அப்போது கேம்பிரிட்ஜின் பொருளாதாரப் பேராசிரியர். அவரும் அடிப்படையில் கணிதக்காரர். 1865-ல் இரண்டாவது ராங்லர். அவரை முந்தி முதலாவதாக வந்தவர் பிற்காலத்தில் பௌதிகத்துக்கு நோபல் பரிசு வாங்கிய லார்ட் ராலே. இரண்டாவதாக வந்ததில் அவமானம் ஏதும் இல்லை. பொருளாதாரத்துக்கென்று தனியாக ஒரு டிரைபாஸ் வேண்டும் என்று வருஷக்கணக்கில் போராடி 1903-ல்தான் அதை மார்ஷல் வாங்கியிருந்தார். நல்ல மாணவர்களுக்காகக் காத்துக்கொண்டிருந்த சமயம்.

1905 அக்டோபரில் தொடங்கிய பருவத்தில் கீன்ஸ் அவருடைய வகுப்புக்குப் போய் உட்கார்ந்தார். மார்ஷல் கேள்விகள் கொடுப்பார். மாணவர்கள் வீட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும். கீன்ஸ் எழுதிக் கொடுத்த தாள்களில் மார்ஷல் சிவப்பு மசியால் ஓரமெல்லாம் எழுதித் திருப்பிக் கொடுத்தார். ஆட்சேபணைகள், மேலே எங்கே யோசிக்கலாம் என்ற யோசனைகள், நடுநடுவே பாராட்டு. சில இடங்களில் திருத்தம் கட்டுரை அளவுக்கே நீளும். 63 வயசான உலகப் புகழ் பெற்ற பேராசிரியர், 22 வயசுப் பையனின் வீட்டுப்பாடத்தோடு வாதாடியிருக்கிறார். அதோடு நிற்காமல், உங்கள் பிள்ளை பொருளாதாரத்தையே தொழிலாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்தில் தகப்பனாருக்கும் எழுதினார். பையனோ தன் நண்பர்களிடம், மார்ஷல் தன்னை விடாமல் நச்சரிக்கிறார் என்று பாதி பெருமையாகவும் பாதி சிரிப்பாகவும் சொல்லிக்கொண்டிருந்தான்.

கீன்ஸ் முறையாகப் பொருளாதாரம் படித்தது அவ்வளவுதான். எட்டு வாரச் சொச்சம். பொருளாதார டிரைபாஸ் பரீட்சை எழுதவே இல்லை.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் மத்திய அரசில் 35 வருஷம் உத்தியோகம் பார்த்தவன். ஒரு செக்‌ஷனுக்குத் தலைமை வகித்த காலத்தில் புதிதாக ஒரு இளைஞர் வந்து சேர்ந்தார். எம்.எஸ்ஸி. படித்தவர், உற்சாகமாக நோட் எழுதிக்கொண்டு வருவார். நான் சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு, பக்கத்தில் என் சொந்த நோட்டை எழுதி மேலே அனுப்பிவிடுவேன். ஓரத்தில் ஒரு வார்த்தை எழுத எனக்கு நேரம் இருந்ததில்லை, அல்லது இல்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வருஷத்துக்குள் அவர் வேறு இடத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிறகு வேறொரு காரியமாகப் பழைய ஃபைலை எடுத்தபோது பார்க்கிறேன், நான் அடித்திருந்த அவருடைய நோட்டில் இருந்த இரண்டு பாரா, வார்த்தை மாறாமல் என் நோட்டில் இருக்கிறது. அவர் அதைக் கவனித்திருப்பார். பேரனின் கட்டுரையைத் திருத்தியவர் மேல் எனக்குக் கோபம் வந்தபோது இதுவும் சேர்ந்தே ஞாபகம் வந்தது.

கீன்ஸ் கதைக்கு வருகிறேன். மார்ஷல் அவ்வளவு சொல்லியும் அவர் சிவில் சர்வீஸ் பரீட்சைக்குத்தான் உட்கார்ந்தார். 1906 ஆகஸ்டில் எழுதி இரண்டாவதாக வந்தார். மார்க் விவரம் வந்தபோது பெரிய வேடிக்கை. அரசியல், தர்க்கம், கட்டுரை எல்லாவற்றிலும் பிரமாதம். மிகவும் குறைந்த மார்க் எதில் என்றால், அவர் உண்மையில் கற்றறிந்த கணிதத்திலும் பொருளாதாரத்திலும்! திருத்தியவர்களைவிடத் தனக்கு அதிகம் தெரிந்திருந்ததுதான் காரணம் என்று அவர் முடிவு செய்துகொண்டார். அதை அவர் வேடிக்கைக்காகச் சொன்னதாகத் தெரியவில்லை.

எனக்கும் இதே மாதிரி நடந்தது. பி.எஸ்ஸி. கணிதத்தில் முதல் வகுப்பில் தேறிய நான், 1973-ல் எழுதிய போட்டிப் பரீட்சையில் கணிதத்தில்தான் குறைவாக வாங்கினேன். பொது அறிவும் கட்டுரையும் கைகொடுத்து உத்தியோகம் கிடைத்தது. ஆனால் கீன்ஸ் மாதிரி பழியைத் திருத்தியவர் மேல் போட எனக்குத் தைரியம் இல்லை. கணிதம் எனக்கு வராது போலிருக்கிறது என்று நினைத்து, மேலே எம்.எஸ்ஸி. தபாலில் படிக்கலாம் என்றிருந்த எண்ணத்தையும் விட்டுவிட்டேன். பேரன் முகத்தில் நான் பார்த்தது அந்த 1973-ம் வருஷத்து முகம்தான்.

முதலாவதாக வந்த ஆட்டோ நீமெயர் கஜானா இலாகாவை எடுத்துக்கொண்டார். இரண்டாவதான கீன்ஸ் லண்டனில் இருந்த இந்தியா ஆபீஸைத் தேர்ந்தெடுத்தார். நம் தேசத்தை ஆண்ட செக்ரடரி ஆஃப் ஸ்டேட்டின் ஆபீஸ் அது. 1906 அக்டோபரில் ராணுவப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். பிற்காலத்தில் உலகப் பொருளாதாரத்தையே திருப்பிப் போட்ட மனிதருக்குக் கொடுக்கப்பட்ட முதல் காரியம், அயர்ஷயர் ஜாதிப் பொலி காளைகள் பத்தை பம்பாய்க்குக் கப்பல் ஏற்றி அனுப்புவது. சர்க்கார் உத்தியோகம் பார்த்த நம் அங்கத்தினர்கள் யாரும் இதைப் படித்து ஆச்சரியப்பட மாட்டார்கள்.

ஆபீஸ் நேரம் காலை பதினொன்றிலிருந்து ஐந்து வரை. நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு. 1907 மார்ச்சில் வருவாய், புள்ளிவிவர, வர்த்தகப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே இந்தியா பற்றிய வருஷாந்தர அறிக்கையைத் தயாரிக்கும் வேலை. ஃபைல்களை ஆர்வமாகப் படித்தார். ஆனால் மேலே உட்கார்ந்திருந்த கவுன்ஸிலைப் பார்த்துவிட்டு, பாதிப் பேர் தள்ளாத கிழவர்கள், மீதிப் பேர் வாயே திறப்பதில்லை என்கிற ரீதியில் எழுதிவைத்தார். வேலை சீக்கிரம் முடிந்துவிடும். மிச்ச நேரத்தில், ஆபீஸ் மேஜையிலேயே, கிங்ஸ் கல்லூரி ஃபெல்லோஷிப்புக்காகத் தன் ஆராய்ச்சிக் கட்டுரையை எழுதினார். நிகழ்தகவு பற்றியது. அது ஆபீஸ் நேரம் என்று ஆட்சேபிக்க எனக்கும் வாய் வரவில்லை. ரயில்வே டைம் டேபிளுக்கு அடியில் நாவல் வைத்துப் படித்தவர்களை எனக்குத் தெரியும்.

1908 மார்ச்சில் அந்தக் கட்டுரை ஏற்கப்படவில்லை. பரீட்சகர்களில் ஒருவர் வைட்ஹெட். கணிதத்துக்கும் தத்துவத்துக்கும் அவரைவிடப் பெரியவர் அன்று கேம்பிரிட்ஜில் அதிகம் பேர் இல்லை. கீன்ஸ் மனம் கசந்துபோனார். ஆனால் இந்தத் தடவை ஆட்சேபணைகளை உட்கார்ந்து படித்துக் கட்டுரையைத் திருத்தி, மறு வருஷம் அதற்கே ஃபெல்லோஷிப் வாங்கினார். அது இன்னும் வளர்ந்து புத்தகமாக வந்தது 1921-ல்.

அதற்கு நடுவில்தான் மார்ஷல் மறுபடி குறுக்கிட்டார். அவர் ஓய்வு பெறும் சமயம். பொருளாதாரம் சொல்லிக்கொடுக்க கேம்பிரிட்ஜுக்கு வந்துவிடும்படி கீன்ஸுக்கு அழைப்பு வந்தது. பல்கலைக்கழகத்தில் அதற்குச் சம்பளம் கிடையாது. மார்ஷலுக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்த பிகூ, தன் சொந்தக் கையிலிருந்து வருஷத்துக்கு 100 பவுன் கொடுத்தார். தகப்பனார் இன்னொரு 100 பவுன் கொடுக்க ஒப்புக்கொண்டார், மகன் நிரந்தர உத்தியோகத்தை விடுகிறானே என்று கவலைப்பட்டுக்கொண்டேதான். 1908 ஜூனில், 25 வயசு நிறைந்தபோது, கீன்ஸ் இந்தியா ஆபீஸை விட்டார். எட்டு வார வீட்டுப்பாடத்தில் மார்ஷல் எழுதிய சிவப்பு எழுத்துகள் இல்லாவிட்டால் இந்த அழைப்பும் இல்லை. பரீட்சை மார்க்கைப் பார்த்து யாரும் அவரைக் கூப்பிட்டிருக்க முடியாது.

சொல்லிக்கொடுக்க வந்தவர் முதலில் சம்பாதித்தது டியூஷனில். மணிக் கணக்கில் பொருளாதாரத்தை விற்கும் யந்திரமாகிவிட்டேன் என்று குறைப்பட்டார். ஆனால் 1909-ல் மாணவர்களுக்காக ஒரு கிளப் ஆரம்பித்தார். திங்கட்கிழமை இரவு அவர் அறையில் கூடுவார்கள். ஒரு மாணவர் கட்டுரை படிப்பார். மற்றவர்கள் சீட்டு எடுப்பார்கள். யார் சீட்டில் எண் இருக்கிறதோ அவர் அந்த வரிசையில் எழுந்து கணப்புக்கு முன்னால் நின்று கட்டுரையைப் பற்றிப் பேசியாக வேண்டும். கடைசியில் கீன்ஸ் எல்லாவற்றையும் தொகுத்துப் பேசுவார். சில சமயம் கிழித்தெறிவார் என்றும் சொல்கிறார்கள். ஆனால் பேசாமல் ஒரு எண்ணைப் போட்டு அனுப்பியதாக யாரும் சொல்லவில்லை.

இந்தியாவை அவர் விடவில்லை. 1909-ல் அவர் எழுதிய முதல் பெரிய கட்டுரையே இந்தியப் பொருளாதார நிலைமை பற்றியது. 1913-ல் வந்த அவருடைய முதல் புத்தகமும் இந்தியாவின் நாணயமும் நிதியும் பற்றியதுதான். அப்போது 15 ரூபாய்க்கு ஒரு தங்கப் பவுன் என்று கணக்கு. நகைக் கடையில் இன்றும் நாம் சவரன் என்கிறோமே, அந்த சாவரின் நாணயம். தேசத்துக்குள் தங்கக் காசு புழங்கினால்தான் நாணயத்துக்கு மரியாதை என்று பலர் நினைத்த காலம். அது தேவையில்லை, உள்ளூரில் மலிவான வெள்ளி ரூபாயும் நோட்டும் புழங்கட்டும், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்களுக்கு நிர்ணயித்த விலையில் தங்கத்துக்குச் சமமான பணம் கிடைத்தால் போதும் என்று கீன்ஸ் விளக்கினார். இந்தியாவில் தற்செயலாக வளர்ந்த இந்த ஏற்பாடு பின்தங்கியது அல்ல, உலகம் போகப்போகிற வழி என்பது அவர் கட்சி. குறை எங்கே என்பதையும் பிடித்தார். அறுவடையாகி விளைச்சல் மார்க்கெட்டுக்கு நகரும் மாதங்களில் பணமுடை ஏற்பட்டு வட்டி ஏறும். மழைக்காலத்தில் பணம் சும்மா கிடக்கும். இதைச் சமாளிக்க ஒரு மத்திய பேங்க் கிடையாது. அந்த வருஷமே நியமிக்கப்பட்ட ராயல் கமிஷனில் 30 வயசுகூட நிறையாத கீன்ஸும் ஓர் அங்கத்தினர். இந்தியாவுக்கு ஒரு ஸ்டேட் பேங்க் வேண்டும் என்று திட்டமே எழுதிச் சேர்த்தார். ரிசர்வ் பேங்க் வந்தது 1935-ல்.

இவ்வளவு எழுதியவர் இந்திய மண்ணில் கால் வைத்ததே இல்லை. எல்லாம் ஃபைலில் படித்தது. அதன் பலமும் தெரிகிறது, பலவீனமும் தெரிகிறது. நம் தேசத்தின் கையிருப்பை லண்டனில் வைத்திருந்ததில் அவர் பெரிய தவறைக் காணவில்லை. தாதாபாய் நௌரோஜி கண்ட வறுமையை இந்தியா ஆபீஸ் ஜன்னல் வழியாகக் காண முடியாது. மார்ஷலிடம் கற்றுக்கொள்ளாத பாடம் அது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் யுத்தத்தின்போது கஜானா இலாகா. 1919-ல் வெர்ஸேல்ஸ் உடன்படிக்கையைக் கண்டித்து ராஜினாமாவும் ஒரு புத்தகமும். 1925-ல் ருஷ்ய நாட்டியக்காரி லிடியா லோபகோவாவோடு கல்யாணம். பங்கு மார்க்கெட்டில் ஒரு தடவை ஏறக்குறைய திவாலாகி, பிறகு தனக்கும் கல்லூரிக்கும் நிறையச் சம்பாதித்தார். 1936-ல் அவருடைய பிரதானமான நூல். அதில் கணிதம் கொஞ்சம்தான். 1924-ல் மார்ஷல் காலமானபோது கீன்ஸ் எழுதிய நீண்ட வாழ்க்கைக் குறிப்பு, குரு தட்சிணை என்றே சொல்லலாம்; நான் படித்த அவர் எழுத்துகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

1944 ஜூலையில் அமெரிக்காவில் பிரெட்டன்வுட்ஸ் மகாநாடு. யுத்தச் செலவுக்காக இந்தியா கொடுத்த சரக்குக்கும் சேவைக்கும் பிரிட்டன் நமக்குப் பட்டிருந்த கடன் வளர்ந்துகொண்டே போயிற்று. கடைசியில் நூறு கோடி பவுனைத் தாண்டியது. அந்தக் கடனைப் புதிய சர்வதேச நிதியத்தின் வழியாகத் தீர்க்க வழி வேண்டும் என்று வாதாடிய இந்தியப் பிரதிநிதிகளில் கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும், சி.டி. தேஷ்முக்கும், ஏ.டி. ஷ்ராஃபும் இருந்தார்கள். எதிரே பிரிட்டன் தரப்பில் கீன்ஸ். கடனை ஒப்புக்கொண்டார், நிதியத்துக்குள் கொண்டுவர மட்டும் சம்மதிக்கவில்லை, தனியாகப் பேசித் தீர்ப்போம் என்றார். இந்தியாவுக்குக் காளை அனுப்பியதில் ஆரம்பித்தவர், இந்தியாவுக்குக் கடன்பட்ட நாட்டின் சார்பில் வந்து நின்றார்.

ஏற்கெனவே இருதயம் பலவீனப்பட்டிருந்தது. 1946 ஏப்ரல் 21-ம் தேதி, 62-வது வயசில் காலமானார். பிள்ளையின் படிப்பு நேரத்தையும் மார்க்கையும் டைரியில் எழுதிவைத்த நெவில் கீன்ஸ் அப்போது 93 வயசில் இருந்தார். பிள்ளைக்குப் பிறகு மூன்று வருஷம் இருந்து 1949-ல் போனார். தாயார் 1958 வரை இருந்தார்.